மூக்குக்கு உப்புத் தண்ணீர்: பார்மசிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாடைக்காற்று தொடங்கினால் தடிமன் வருகிறது, கச்சான் அடித்தால் புழுதி வருகிறது. இரண்டு காலத்திலும் மூக்கடைப்போடுதான் சனம் கடைக்கு வரும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிப் பாருங்கள் என்று நான் சொன்னதும் கேள்விகள் தொடங்கும். அநேகமாக ஒரே கேள்விகள். மருந்துக்காகப் பின்னால் ஆட்கள் நிற்கும்போது ஒருவருக்கும் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

மூக்குக் கழுவுறதெண்டா என்ன? தண்ணியை மூக்குக்குள்ள ஊத்துறதா?

ஆம், அதுதான். உப்புக் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரு மூக்குத் துவாரத்தால் விட்டால், அது உள்ளே சுற்றி மற்றத் துவாரத்தால் வெளியே வரும். வரும்போது கெட்டிச் சளி, புழுதி, ஒவ்வாமை தருகிற தூள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். யோகா பழகியவர்கள் இதை ஜல நேதி என்பார்கள். இன்று காது மூக்கு தொண்டை வைத்தியர்களும் நாட்பட்ட பீனிசத்துக்கும் ஒவ்வாமை மூக்கடைப்புக்கும் இதைச் செய்யச் சொல்கிறார்கள்.

இதால பீனிசம் முழுக்க மாறுமா?

மாறும் என்று சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ளே காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் வாசல்கள் மூக்குக்குள் திறக்கின்றன. மூக்கின் உட்தோல் வீங்கி அந்த வாசல் அடைபட்டால் சளி உள்ளே தேங்கும், முகம் பாரமாக இருக்கும், குனிந்தால் வலிக்கும். நாம் விடும் தண்ணீர் அந்த அறைகளுக்குள் பெரிதாகப் போவதில்லை. வாசலையும் அதற்கு வரும் பாதையையும்தான் கழுவுகிறது. பாதை துப்புரவானால் தேங்கிய சளி இறங்க வழி கிடைக்கும்.

தடிமனோடு வரும் பீனிசம் அநேகமாக ஒரு கிழமை, பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களைக் கடக்க இது உதவும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வருடக்கணக்காக அவதிப்படுகிறவர்களுக்கும் மருந்தோடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்ல பலன் தெரியும். என் மூக்கும் அந்த வகைதான். கழுவத் தொடங்கிய பிறகு காலையில் வாயைத் திறந்துகொண்டு எழும்புவது நின்றது.

ஏன் உப்பு? சும்மா தண்ணி காணாதா?

குளத்தில் குளிக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் ஏறினால் எப்படிச் சுள்ளென்று எரியும்? நம் உடம்பு நீரில் உப்பு இருக்கிறது. வெறும் தண்ணீர் பட்டால் மூக்கின் மெல்லிய தோலில் உள்ள கலங்கள் அதை உறிஞ்சி வீங்கும். அதுதான் அந்த எரிவு. கண்ணீர் மூக்கு வழியாக இறங்கினால் எரிவதில்லை, ஏனென்றால் அதன் உப்பு அளவு நம் உடம்பின் அளவுக்குக் கிட்ட இருக்கிறது. அந்த அளவு 0.9 சதவீதம், அதாவது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம்.

சரி, வீட்டில கரண்டியால எவ்வளவு போடுறது?

அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்குத் தூள் உப்பு முக்கால் தேக்கரண்டி. கரண்டியைக் குவிக்காமல் விரலால் மட்டமாக வழித்துவிடுங்கள். ஏறத்தாழ நாலரைக் கிராம் வரும். கட்டி உப்பைக் கரண்டியால் அளந்தால் அளவு தப்பும், இடையில் வெறும் இடம் அதிகம். வீட்டில் கேக் அடிக்கும் தராசு இருந்தால் நிறுப்பதே நல்லது.

எரிகிறது என்றால் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் (பேக்கிங் சோடா) சேர்க்கலாம். அப்பச்சோடாதான், கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் அல்ல. அதில் அமிலத் தூளும் மாவும் கலந்திருக்கும். அப்படியும் எரிந்தால் அநேகமாக உப்புக் கூடியிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

கடையில வாங்குற உப்பில அயடீன் இருக்கே, அது கூடாதெண்டு சொல்லுகினம்?

இலங்கையில் 1995இலிருந்து சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டம், அதனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அயடீனும், உப்புக் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் சிலரின் மூக்கை உறுத்தும். சேர்க்கை இல்லாத சுத்தமான உப்புக் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டு உப்பைப் பாவித்துப் பாருங்கள். உறுத்தல் இல்லையென்றால் தொடரலாம். உப்பளத்திலிருந்து நேரே அள்ளி வந்த உப்பு வேண்டாம். அதில் மண்ணும் வேறு அழுக்கும் இருக்கும்.

அளந்து கலக்கச் சலிப்பாக இருந்தால் பார்மசியில் ஆயத்தப் பைக்கற்றுகள் கிடைக்கும். 0.9 சதவீத நோர்மல் சேலைன், அதாவது ஆயத்த உப்புத் தண்ணீர்ப் போத்தலையும் வாங்கலாம். அது கிருமி நீக்கியது, கொதிக்க வைக்கத் தேவையில்லை. ஆனால் திறந்தால் 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

பிள்ளை, எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி. நாங்க குடிக்கிற தண்ணிதானே, அதை ஏன் கொதிக்க வைக்கோணும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். வயிற்றுக்குப் போகும் தண்ணீரும் மூக்குக்குப் போகும் தண்ணீரும் ஒன்றல்ல. வயிற்றில் அமிலம் இருக்கிறது, பல கிருமிகள் அதில் செத்துவிடும். மூக்கின் மேல் பகுதியில் அப்படியொரு காவல் இல்லை. அங்கேதான் மணம் அறியும் நரம்பு மூளையிலிருந்து இறங்குகிறது.

இளஞ்சூடான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலரி என்ற ஓர் அமீபா இருக்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேற்பகுதிக்குப் போனால் அந்த நரம்பு வழியே ஏறி மூளையைத் தாக்கும். மிக மிக அரிதான நோய், ஆனால் வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் இறந்துவிடுகிறார்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இரண்டு பேர் இப்படி இறந்தார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் குளத்துக்கே போகாதவர்களுக்கும் வந்திருக்கிறது. கேரளத்திலும் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்தது. நம்மைப் போன்ற சூடான ஊர்கள்தான் இவை.

கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் அமீபா இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். குமிழி குமிழியாகப் புரண்டு கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு முழு நிமிடம் விடுங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் நமக்கு அது போதும். நுவரெலியா மாதிரி உயரமான இடத்துக்குப் போனால் 3 நிமிடம் விடுவது நல்லது. பிறகு மூடி ஆறவிடுங்கள். இதை அறியும் முன் நானும் ஒரு வருடத்துக்குக் கிட்டக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே பாவித்தவள். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. உப்புக் கொஞ்சம் கூடினால் எரியும், அவ்வளவுதான். தண்ணீரில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

குழாய்த்தண்ணிக்குக் குளோரின் போடுறாங்கள்தானே?

கந்தளாயிலிருந்து சுத்திகரித்துத்தான் வருகிறது, குடிக்க நல்ல தண்ணீர். குளோரின் போதிய அளவில் இருந்தால் அமீபாவைக் கொல்லும் என்பதும் சரி. ஆனால் வீட்டுக் கூரையில் கறுப்புத் தாங்கியில் நின்று வெயிலில் சூடேறும்போது குளோரின் குறைந்துகொண்டே போகும். தாங்கியின் அடியில் வண்டலும் இருக்கும். அதனால் குழாய்த் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்குச் சொன்ன அதே ஒரு நிமிடக் கொதிப்புத்தான்.

போத்தல் தண்ணி? ஃபில்டர் தண்ணி? பெற்றோல் ஷெட்டில விக்கிற டிஸ்டில்ட் வோட்டர்?

குடிக்க விற்கும் போத்தல் தண்ணீர் சுத்தமானது, ஆனால் கிருமியே இல்லாதது அல்ல. கொதிக்க வைத்த பிறகு பாவியுங்கள். வீட்டு ஃபில்டரும் அப்படியே. அதன் துளை 1 மைக்ரோனோ அதற்கும் சிறியதோ என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர நம்பவேண்டாம்.

பெற்றோல் ஷெட்டில் விற்பது பற்றரிக்கு. அது உடம்புக்கென்று செய்யப்பட்டதல்ல. மூக்குக்கு வேண்டாம்.

கடல்ல முழுகினா எனக்கு மூக்கு நல்லாத் திறக்குது. கடல்தண்ணியையே அள்ளி வந்தா என்ன?

திருக்கடலூரிலிருந்து வரும் ஓர் ஐயா கேட்டது. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், நம் உடம்பின் அளவைப் போல நாலு மடங்கு. கூடிய உப்பு வீங்கிய தோலிலிருந்து நீரை வெளியே இழுக்கும், அதனால் கொஞ்ச நேரம் மூக்கு திறக்கும். ஆனால் அந்த அளவு உப்பை நாளாந்தம் விட்டால் தோல் காய்ந்து புண்ணாகும். கரையில் அள்ளும் தண்ணீரில் கழிவும் எண்ணெயும் கிருமியும் வேறு. கடைகளில் விற்கும் கடல்நீர் ஸ்பிரே என்பது வடிகட்டிக் கிருமி நீக்கிய தண்ணீர். பலவற்றில் உப்பையும் குறைத்திருப்பார்கள். முழுகும்போது தானாக ஏறுவது ஏறட்டும், அள்ளி வந்து ஊற்றவேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி மூலிகை மாதிரி. அது நல்லதுதானே?

கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளிப்பது நமக்கு ஒரு மரபு, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்குள் விடுவதுதான் கூடாது. மேலே சொன்ன அமீபாவுக்கு மிகவும் பிடித்தது இப்படியான சூடான நன்னீர்தான். 46 பாகை செல்சியஸ் வரை அது பெருகும். எந்த ஊர் வெந்நீரூற்றாக இருந்தாலும் இதே பேச்சுத்தான். தலையில் ஊற்றும்போது பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துவிடுங்கள்.

ஊத்துறதுக்கு என்ன வேணும்? ஊசி போடுற சிரிஞ்சு காணுமா?

காணும். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு மலிவானது, பல தரம் நிரப்பவேண்டும், அவ்வளவுதான். நேதிக் குவளையால் தண்ணீர் தானாக மெல்ல ஓடும். பிழிகிற பிளாஸ்டிக் போத்தல் கெட்டிச் சளிக்கு நல்லது. ஒரு தரத்துக்கு ஒரு பக்கம் 100 முதல் 120 மில்லிலீற்றர் போதும்.

எதை வாங்கினாலும் ஒருவருக்கு ஒன்று. புருஷனும் மனைவியும் என்றாலும் வேறு வேறு. பாவித்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடைசியில் கொதித்தாறிய தண்ணீரால் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். குழாயடியில் அலசினால் கொதிக்க வைத்ததன் பயன் போய்விடும். பிளாஸ்டிக் போத்தலை மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள்.

நான் செய்து பார்த்தனான், மூச்சுத் திணறித் தொண்டைக்குள்ள போயிட்டுது. எப்படிச் செய்யுறது?

தலையை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் செய்வார்கள். பேசினுக்கு மேல் நன்றாகக் குனிந்து நில்லுங்கள். நெற்றியும் நாடியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பிறகு தலையை ஒரு பக்கம் திருப்புங்கள், ஒரு துவாரம் மேலேயும் மற்றது கீழேயும் வரும். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேல் துவாரத்தில் போத்தலை வைத்து மெல்ல அமத்துங்கள். சில விநாடியில் கீழ்த் துவாரத்தால் வரும். அந்த நேரம் விழுங்காதீர்கள், பேசாதீர்கள். "ஆ…" என்று இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தால் தொண்டைப் பக்கம் அடைபட்டு இருக்கும்.

தண்ணீர் இளஞ்சூடாக இருக்கவேண்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் திறந்தபடி மெதுவாகச் சீறுங்கள். கொஞ்சம் தொண்டைக்குள் போனாலும் பயமில்லை, துப்பிவிடலாம். மூன்றாம் நாள் கை பழகிவிடும்.

தண்ணி மூளைக்குப் போகாதா? காதுக்குள்ள?

மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் எலும்பு இருக்கிறது, தண்ணீர் அதைத் தாண்டாது. அந்த எலும்பில் மண நரம்பின் இழைகள் வரும் நுண்துளைகள் உண்டு. அமீபா ஏறுவது அந்த வழியால்தான், கொதிக்க வைத்த தண்ணீரில் அந்தப் பயமும் இல்லை. தலையில் அடிபட்டு மண்டையோட்டு எலும்பு வெடித்தவர்கள் மட்டும் செய்யவே கூடாது.

காதுக்குப் போகலாம். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் இருக்கிறது. பலமாக அமத்தினாலோ மூக்கைப் பொத்திக்கொண்டு சீறினாலோ அதற்குள் தண்ணீர் தள்ளுப்படும், காது அடைத்த மாதிரி இருக்கும். மெல்ல அமத்தினால் வராது. காது வலியோ சீழோ இருக்கும் நாட்களில் கழுவாதீர்கள்.

காலையில கழுவினன், பள்ளிக்கூடத்தில குனிஞ்சு கொப்பி திருத்தேக்க மூக்கால தண்ணி கொட்டுது. வெக்கமாப் போச்சு.

மேல் மடிப்புகளில் கொஞ்சம் தங்கியிருக்கும், ரீச்சர். கழுவி முடிந்ததும் கால் பெருவிரலைத் தொடப்போவது போலக் குனிந்து, தலையை இடமும் வலமும் திருப்பிக் கொஞ்ச நேரம் வடியவிடுங்கள். வெளியே புறப்பட அரை மணித்தியாலம் முன்னதாகவே கழுவி முடியுங்கள். படுக்கப்போகும் நேரத்திலும் அதே இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் வடிந்து இருமல் வரும்.

மூக்கு முழுக்க அடைச்சிருக்கு, தண்ணி உள்ளயே போகுதில்லை.

வலிந்து அமத்தாதீர்கள். முகத்தில் சுடுதண்ணீர்த் துவாயை வைத்து, கொஞ்சம் திறந்ததும் முயற்சி செய்யுங்கள். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகள், அதாவது சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் போன்றவை, விட்டுச் சில நிமிடத்தில் வழி திறக்கும். ஆனால் அவற்றை ஐந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னையிலும் மோசமாக அடைக்கும், அதற்காகத் திரும்ப விடுவீர்கள். மாதக்கணக்காக அந்தச் சொட்டு வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அப்படி மாட்டுப்பட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது.

கிளினிக்கில தந்த ஸ்பிரேயை முதல் அடிக்கிறதா, கழுவினாப் பிறகா?

கழுவிய பிறகு. புளூட்டிகசோன், மொமெற்றசோன், பியூடசொனைட் போன்ற ஸ்பிரேக்கள் தோலில் படிந்து நின்றுதான் வேலை செய்யும். அடித்துவிட்டுக் கழுவினால் மருந்து பேசினுக்குப் போகும். கழுவி, வடியவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அடியுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம்?

அடைப்பு இருக்கும் நாட்களில் ஒன்றோ இரண்டோ. குணமானால் விட்டுவிடலாம், ஒவ்வாமை உள்ளவர்கள் புழுதிக் காலத்தில் மட்டும் செய்யலாம். கலந்த தண்ணீர் மிஞ்சினால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் பாவியுங்கள்.

சின்னப் பிள்ளைக்குச் செய்யலாமா? வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்கள்? பிரஷர்காரர்?

குழந்தைக்குப் போத்தலால் ஊற்றவேண்டாம், சேலைன் சொட்டு இரண்டு துளி விட்டாலே சளி இளகும். சொன்னதைக் கேட்டு வாயால் மூச்சுவிடத் தெரிந்த பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டுக்கொண்டு சிறிய அளவில் செய்யலாம். பிள்ளை அழுதால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கர்ப்ப காலத்தில் மூக்கடைப்பு சாதாரணம், மருந்து இல்லாத இந்த முறை அவர்களுக்கு நல்லது. பிரஷர் உள்ளவர்களும் பயப்படத் தேவையில்லை, தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. விழுங்காமல் துப்பினால் சரி.

மகள், நோன்பு நேரம் செய்யலாமா? ஒளு எடுக்கேக்க மூக்குக்குத் தண்ணி விடுறம்தானே, அதுவும் பயமா?

நோன்பு பிடித்திருக்கும்போது தண்ணீரை ஆழமாக உறிஞ்ச வேண்டாம் என்றுதான் மார்க்கத்திலேயே இருக்கிறது. கழுவும்போது தொண்டைக்குள் இறங்கவும் கூடும். அதனால் நோன்பு திறந்த பிறகு, இரவு தராவீஹ் தொழுகைக்கு முன்போ பின்போ செய்யுங்கள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போதும் செய்யலாம். மிச்சத்தை மௌலவியிடம் கேளுங்கள்.

தொழுகைக்கு முன் கழுவும் ஒளுவில் மூக்கின் நுனிப் பகுதி நனைந்தால் பயமில்லை. தாங்கித் தண்ணீரைக் கண் எரியுமட்டும் மேலே இழுப்பதுதான் ஆபத்து. அப்படி இழுத்துப் பழகியவர்கள் அதற்கென்று கொதித்தாறிய தண்ணீரை ஒரு குவளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போடலாமா? வேப்பிலை? தேங்காயெண்ணெய் ரெண்டு துளி?

வேண்டாம். மூக்கின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் சளியைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. தூளும் இலைச்சாறும் அவற்றை உறுத்தும். எண்ணெய் சிறிது சிறிதாக நுரையீரலுக்குப் போனால் அங்கே அழற்சியை உண்டாக்கும்.

அப்ப ஆவி பிடிக்கிறது?

கொஞ்ச நேரத்துக்குச் சுகமாக இருக்கும், நொச்சி இலை போட்ட வாசமும் நல்லதுதான். ஆனால் கொதிதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து சுட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு மருந்து வாங்க வரும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சளி பச்சையா வருது, அன்ரிபயோற்றிக் தாங்கோ.

சளியின் நிறத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. சாதாரணத் தடிமனிலும் மூன்றாம் நாலாம் நாளில் மஞ்சளும் பச்சையுமாக வரும். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்தது திடீரென்று கூடினால், அப்போது வைத்தியர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் நான் தரமாட்டேன், கோபிக்க வேண்டாம்.

எப்ப கழுவுறதை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்?

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் தலையிடியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, ஆள் தடுமாறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. மூக்கிலோ சைனஸிலோ அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் செய்த வைத்தியர் சொன்ன பிறகே கழுவவேண்டும். அடிக்கடி மூக்கால் இரத்தம் வந்தாலும் முதலில் காட்டுங்கள்.

ஒரு பக்கத்தால மட்டும் வருது, மற்றப் பக்கம் சுகம். அதுக்கும் இதுதானா?

ஒரு பக்கம் மட்டும் என்றால் கழுவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு துவாரத்தால் நாற்றத்தோடு வந்தால் உள்ளே மணியோ கடலையோ செருகியிருக்கும், தண்ணீர் விட்டால் இன்னும் உள்ளே போகும். சட்டை பொத்தான் அளவு வட்ட பற்றரி என்றால் சில மணித்தியாலத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், அதற்குச் சொட்டுச் சேலைன்கூட விடாமல் உடனே கொண்டு ஓடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் இரத்தம் கலந்து வந்தாலோ, மேல்வாய்ப் பல் வலியோடு நாற்றமாக வந்தாலோ காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ பல் வைத்தியரிடமோ போகவேண்டும். மேல்கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்து அறைக்குக் கிட்ட இருக்கிறது, அந்தப் பல் பழுதாக இருந்தால் எத்தனை போத்தல் கழுவினாலும் நிற்காது. தலையில் அடிபட்ட பிறகு ஒரு பக்கத்தால் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது சளி அல்ல, மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். சீறாமல், கழுவாமல், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.